ஷெட்டு முடிந்தது, வியாபாரம் மாறியதா?

முதலாளி மனசில் போட்டு வைத்திருக்கும் கணக்கையும் ‘திட்டம்’ என்கிறோம், அதற்காகக் கட்டுகிற ஷெட்டையும் ‘திட்டம்’ என்கிறோம். முதல் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முன்னது வியூகம், பின்னது ப்ராஜெக்ட். இரண்டையும் குழப்பிக்கொண்டால், ஷெட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றே வியாபாரமும் மாறிவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடும்.

மார்த்தாண்டம் பக்கம் ஒரு தேன் வியாபாரத்துக்குக் கொஞ்ச காலம் கணக்கு எழுதினேன். டின் டின்னாக மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதை விட்டுவிட்டு, பாட்டிலில் அடைத்து நேரே வீடுகளுக்கு விற்க வேண்டும் என்பது அவர்களுடைய வியூகம். நல்ல யோசனைதான். ரப்பர் தோட்டங்களில் கிடைக்கிற தேனில் ஈரப்பதம் அதிகம். 20 சதவீதத்தைத் தாண்டினால் உணவுத் தரத்தில் தேறாது, புளித்தும் போகும். அதனால் பதப்படுத்தும் இயந்திரம், பாட்டில், லேபிள், வெப்சைட் என்று நாலு வேலையையும் ஒன்றாகத் தொடங்கி, சொன்ன பட்ஜெட்டில் சொன்ன மாதத்திலேயே முடித்தார்கள். அது மே மாதம்! ரப்பர் இலை உதிர்ந்து தளிர் விடுகிற தை, மாசி, பங்குனியில்தான் இங்கே தேன் வரத்து, அந்தத் தேனெல்லாம் வழக்கம்போல டின்னில் போய்விட்டது, அடுத்து மழை வந்துவிட்டது. அட்டவணை போட்டவருக்குத் தேனீயைப் பற்றித் தெரியாது. தெரிந்தவர்களான, பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவர்களை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை.

இயந்திரம் வந்ததா, பில் கொடுத்தாச்சா என்றுதான் வாராவாரம் கேட்டார்கள். ‘எத்தனை பாட்டில் வீட்டுக்குப் போச்சு?’ என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் இயந்திரம் மாட்டியவர் தன் சோலி முடிந்ததென்று போய்விட்டார், விற்கிற பொறுப்பை யாரிடமும் கொடுக்கவில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகத் தெரிகிறது. ப்ராஜெக்ட் முடிகிற நாளில் அதன் பலனுக்கு யார் பொறுப்பு என்பதைத் தொடங்கும்போதே பேர் சொல்லி எழுதி வைக்க வேண்டும்.

அப்புறம், நிறுத்தத் தெரியாதது. பாதியிலேயே வெப்சைட் இப்போதைக்கு வேண்டாம் என்று தெரிந்துவிட்டது, பார்சல் கட்ட ஆளே இல்லை. ‘போட்ட காசு போகட்டும் அண்ணாச்சி, இதை நிறுத்துவோம்’ என்று சொல்ல நானும் தயங்கினேன்.

மறு வருஷம் தையில் முதல் பாட்டில் வெளியே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ஆவணியிலேயே வேலையைத் தொடங்கினார்கள்.