கைத்துப்பாக்கித் தோட்டா: பெட்டியைப் பார்த்து வாங்குவோர் செய்யும் தவறுகள்

சுடுதளத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற வாரம் 9 மில்லிமீட்டர் தோட்டாப் பெட்டி ஒன்றை என்னிடம் நீட்டி, "இது எந்த நாட்டுச் சரக்கு ஐயா, நம்பி வாங்கலாமா?" என்று கேட்டார். முதல் கேள்விக்கான பதில் பெட்டியின் மடிப்பில் எறும்பளவு எழுத்தில் அச்சாகியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்ததோ முகப்பில் இருந்த வண்ணப் படத்தை. நானும் ஒரு காலத்தில் அந்தப் படத்தைத்தான் பார்த்தேன் என்பதால் அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. தவறான அளவுத் தோட்டாவை ஏற்றுவது போன்று, முதல் நாள் வகுப்பிலேயே எச்சரித்துவிடும் பிழைகளை இங்கே எழுதப்போவதில்லை.

பெயரையே தொழிற்சாலை என்று எண்ணுவது

பெட்டியில் உள்ள பெயர் விற்பனைக்கு உரியது. தோட்டா பிறந்த இடம் வேறாக இருக்கலாம். பிஎம்சி என்ற பெயரில் வருவதைத் தயாரிப்பது தென் கொரியாவின் பூங்சான் நிறுவனம். மேக்டெக் என்பது பிரேசிலின் சிபிசி நிறுவனத்துடைய பெயர். 1825இல் தொடங்கிய செல்லியர் அண்ட் பெல்லோ 2024 வரை அதே சிபிசி குழுமத்தின் கையில் இருந்தது. அப்போதும் இப்போதும் அதன் ஆலை செக் குடியரசின் விளாஷிம் நகரில்தான் இயங்குகிறது. ஃபியோக்கி 1876இல் இத்தாலியின் லெக்கோவில் பிறந்த நிறுவனம் என்றாலும், அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலும் அதற்கு ஆலை உண்டு. ஆகவே "இத்தாலியத் தோட்டா" என்று பெருமையாகச் சொல்லி ஒருவர் வாங்கி வருவது மிசூரியில் நிரப்பியதாக இருக்கக்கூடும்.

பெட்டியை வைத்துவிட்டு ஒரு தோட்டாவைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அடிப்பகுதியின் நடுவே உள்ள பிரைமரை, அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை, சுற்றியுள்ள வளையத்தில் பொறித்த எழுத்துகளே அடிமுத்திரை. பி.பி.யு. என்றால் செர்பியாவின் உஜிட்சே நகரிலுள்ள பிர்வி பார்ட்டிசான், ஜி.எஃப்.எல். என்றால் ஜூலியோ ஃபியோக்கி, லெக்கோ. ஆயினும் இம்முத்திரை தோட்டாவின் உலோகக் கூட்டைச் செய்தவரையே காட்டும், அதற்குள் வெடிமருந்தை நிரப்பியவரை அன்று. ஒரே பெட்டியில் நான்கு வகை முத்திரைகள் இருந்தால், சுட்ட கூடுகளைப் பொறுக்கி மறுபடி நிரப்பிய சரக்கு அது என்று கொள்ளலாம்.

ஒரு பெட்டியைச் சோதித்துவிட்டு மூட்டையாக வாங்குவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுத் துப்பாக்கி சுடும் கூட்டமைப்பின் விதிப்படி நடந்த ஒரு போட்டிக்காகப் பல மாதங்கள் பயிற்சி செய்துவந்தேன். அப்போட்டிகளில் குண்டின் (கூட்டிலிருந்து பறந்து செல்லும் முனையின்) எடையைக் கிரெய்ன் என்ற சிறு எடை அலகிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்ற கணக்கிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 1,000ஆல் வகுப்பார்கள். என் பிரிவில் விடை 125க்குக் குறையக் கூடாது. நான் முதலில் வாங்கிய 115 கிரெய்ன் தோட்டாக்கள் வேகமானியில் சராசரியாக 1,125 அடி காட்டின; பெருக்கினால் 129 வந்தது. மனம் நிறைந்து, அதே பெயர், அதே படம், அதே 115 கிரெய்ன் என்று பார்த்து 2,000 தோட்டாக்களை வாங்கி வைத்துவிட்டேன்.

போட்டி நாளில் நடுவர் என் பையிலிருந்து சிலவற்றை எடுத்து, ஒன்றைப் பிரித்துக் குண்டைத் தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. பிறகு சுட்டுப் பார்த்தபோது வேகம் 1,070 அடியைத் தாண்டவில்லை. 123. தேறாதவர் தொடர்ந்து சுடலாம், ஆனால் புள்ளி கிடையாது என்பது விதி. அன்று முழுவதும் கணக்கில் சேராத தோட்டாக்களைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பிப் பழைய பெட்டியையும் புதியதையும் அருகருகே வைத்தேன். மடிப்பில் நாட்டின் பெயர் மாறியிருந்தது, அடிமுத்திரையும் மாறியிருந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, எல்லாம் அச்சிட்டே இருந்தது என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அதைவிட வேடிக்கை, அந்த இரண்டாவது சரக்கு மட்டமானது அன்று: உதைப்பு குறைவு, இலக்கில் துளைகள் முன்பைவிட நெருங்கி விழுந்தன. பயிற்சிக்கு அருமையான தோட்டா. என் போட்டிக்கு மட்டும் உதவாத தோட்டா.

அன்று முதல் ஒவ்வொரு லாட்டிலும், அதாவது ஆலையில் ஒரே தொகுதியாகத் தயாரான சரக்கிலும், 10 தோட்டாக்களை வேகமானியில் சுட்டு, சராசரியோடு மிக உயர்ந்த வேகத்துக்கும் மிகக் குறைந்த வேகத்துக்கும் உள்ள இடைவெளியையும் குறித்து வைக்கிறேன். தரத்தைப் பற்றி அந்த இடைவெளி சொல்லும் அளவுக்கு நாட்டின் பெயர் சொல்வதில்லை. பெட்டியில் அச்சிட்ட வேகம் ஆலையின் சோதனைத் துப்பாக்கிக் குழலில் அளந்தது. உங்கள் குழல் அதைவிடக் குட்டையாக இருந்தால் வேகமும் குறையும். சோதனை தேறிய பிறகு, அதே லாட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போன மாதம் என் மாணவர் ஒருவரிடம் லாட் எண் என்ன என்று கேட்டேன். பெட்டியை அன்றே குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கும்படி எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

எஃகுக் கூட்டைக் கண்டு முகம் சுளிப்பது

வெடித்தவுடன் விரிந்த பித்தளைக் கூடு சற்றே சுருங்கி, துப்பாக்கிக்குள் தோட்டா அமரும் அறையின் சுவரை விட்டு விலகும். எஃகு அந்த அளவுக்கு மீள்வதில்லை, அறையை அடைத்துக்கொள்வதும் குறைவு, ஆகவே கரி அதிகம் படியும். சில துப்பாக்கிகள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை, சில முரண்டு பிடிக்கும். காந்தத்தைக் கூட்டில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், குண்டிலும் வையுங்கள். செம்பு போலத் தோன்றும் மேலுறைக்குக் கீழே எஃகு இருந்தால் ஒட்டும். உள்ளரங்குச் சுடுதளங்கள் பல அத்தகைய குண்டுகளை அனுமதிப்பதில்லை.

நேட்டோ குறியை உயர்தரச் சான்றாகக் கொள்வது

வட்டத்துக்குள் உள்ள சிலுவை, இராணுவத் தர அளவுகளுக்கு உட்பட்டது என்பதைக் குறிக்கும்; உங்கள் துளைகள் நெருங்கி விழும் என்பதை அன்று.

பழைய இராணுவச் சரக்கை மலிவு என்று வாங்குவது

சுட்ட அன்றே குழலைத் தண்ணீரால் கழுவி உலர்த்தி எண்ணெயிட மனமில்லையெனில் தொடாதீர்கள். அக்காலப் பிரைமர்கள் பல விட்டுச்செல்லும் உப்பை எண்ணெய் மட்டும் கரைக்காது.

மந்தமான சத்தத்துக்குப் பின் அடுத்ததைச் சுடுவது

நிறுத்துங்கள். துப்பாக்கியை இலக்கின் திசையிலேயே சிறிது நேரம் பிடித்திருந்து, தோட்டாக்களை முழுவதும் அகற்றிய பிறகு குழலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று சுடுதளப் பொறுப்பாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாட்டு ஆலையிலிருந்தும் மருந்து குறைந்த ஒரு தோட்டா வரக்கூடும். வந்தால் மீதிப் பெட்டியை லாட் எண்ணோடு தயாரிப்பாளரிடம் சேர்ப்பியுங்கள்.