திறமூலத் திட்டத்தில் இருவர் மோதிக்கொண்டால்: புதிய மெயின்டெய்னர்களுக்கான (திட்டத்தைப் பராமரிப்பவர்களுக்கான) செய்முறை

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கும் சிலர் சேர்ந்து, தமிழ்ச் சொற்பிழை திருத்திக்கான சொற்பட்டியல் ஒன்றைத் திறமூலமாக, அதாவது எவரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும்படி, கிட்ஹப் தளத்தில் பராமரித்து வருகிறோம். ஜ, ஷ, ஸ ஆகிய கிரந்த எழுத்துகள் வரும் சொற்களை அதில் சேர்க்கலாமா என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கும் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவருக்கும் மூண்ட வாக்குவாதம், சொற்களை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றியதாக மாறி, மற்றவர்கள் பங்களிக்கத் தயங்கும் அளவுக்கு முற்றியபோது, அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. இன்னொரு முறை செய்ய நேர்ந்தால் எந்த வரிசையில் செய்வேனோ, அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். கமிட் (பதிவு செய்த மாற்றம்), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோருவது), மெர்ஜ் (அதைச் சேர்ப்பது), ரிவர்ட் (சேர்த்ததைப் பழையபடி ஆக்குவது) ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: சண்டையா, துன்புறுத்தலா?

ஏறத்தாழச் சம நிலையில் இருக்கும் இருவர் ஒருவர்மேல் ஒருவர் கசப்புக் கொண்டிருந்தால், அது சமரசத்துக்கு உரியது. ஒருவர் மற்றவரின் சாதியையோ பாலினத்தையோ தோற்றத்தையோ சுட்டிப் பேசுவதும், மிரட்டுவதும், வேண்டாம் என்று சொன்ன பிறகும் தனிச்செய்தி அனுப்பிக்கொண்டிருப்பதும் துன்புறுத்தல். அங்கே சமரசத்துக்கு இடமில்லை. பாதிக்கப்பட்டவரை எதிராளியோடு உட்கார்ந்து பேசச் சொல்வது அவரை இரண்டாம் முறை புண்படுத்துவதாகும். அத்தகைய புகாரில் படி 2, 3, 4 ஆகியவற்றை விட்டுவிட்டு நேராகப் படி 5-க்குச் செல்லுங்கள்.

படி 2: பேச்சின் வேகத்தைக் குறைத்தல்

என்னை மிகவும் இழுத்தடித்த படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சூடேறிய இஷ்யூவின் (விவாத இழையின்) வலப்பக்கப் பட்டியில் 'லாக் கான்வர்சேஷன்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதை அழுத்தியதும் எல்லோருடைய வாயும் அடைபட்டுவிடும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில், ரைட் அனுமதி (திட்டக் கோப்புகளை மாற்றும் உரிமை) உள்ளவர்கள் பூட்டிய உரையாடலிலும் தொடர்ந்து எழுதலாம். சிறிய திட்டங்களில் சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் நெடுநாள் பங்களிப்பாளர்களாகவும், ஆகவே அந்த அனுமதி உள்ளவர்களாகவுமே இருப்பார்கள் என்பதால், பூட்டு போட்டதும் வேடிக்கை பார்த்தவர்கள் வெளியே நிற்க, மோதியவர்கள் இருவர் மட்டும் உள்ளே இருப்பார்கள். செட்டிங்ஸ் பகுதியின் 'மாடரேஷன் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும் 'இன்டராக்ஷன் லிமிட்ஸ்' வசதியை 24 மணி நேரம் முதல் 6 மாதம் வரை போட்டுவைக்கலாம். ஆனால் அது வெளியிலிருந்து திரண்டு வரும் கூட்டத்தைத் தடுக்கப் பயன்படுமே தவிர, கொலாபரேட்டர்களை (திட்டத்தில் அனுமதி பெற்ற பங்களிப்பாளர்களை) கட்டுப்படுத்தாது.

ஆகவே பூட்டுவதற்கு முன்பே இருவரையும் தொலைபேசியில் அழைத்து, சில நாள்கள் அந்த இழையில் எழுதாமல் இருக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இருவருடைய அனுமதியையும் ஒரே நேரத்தில் 'ரீட்' (கோப்புகளைப் பார்க்க மட்டும்) நிலைக்குக் குறைத்து, இழையைப் பூட்டி, எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்து அறிவியுங்கள். ஒருவருக்கு மட்டும் குறைத்தால் தீர்ப்பே வந்துவிட்டதாக ஊர் பேசும். தனிநபர் கணக்கில் இருக்கும் ரெப்போவில் (திட்டக் கோப்புகளின் கிடங்கில்) இந்த அனுமதிப் படிநிலைகள் கிடையா. அமைதியாக இருக்கும் காலத்திலேயே ரெப்போவை ஆர்கனைசேஷன் (குழுவுக்கான) கணக்குக்கு மாற்றிவைத்துக்கொள்வது நல்லது.

புண்படுத்தும் கருத்தை 'ஹைட்' செய்யலாம். ஆனால் அது மின்னஞ்சலாக ஏற்கெனவே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். எழுதியவரே திருத்தினாலும், பழைய வடிவம் திருத்த வரலாற்றில் அப்படியே நிற்கும். 'மறைத்துவிட்டேன், இனி யாரும் பார்க்க முடியாது' என்று எவருக்கும் உறுதி கொடுக்காதீர்கள்.

படி 3: தனித்தனியே பேசுதல்

முதல் நாளிலேயே மூவருமாக வீடியோ அழைப்பில் அமர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; சாட் அதைவிட மோசம். நேரில் பார்ப்பது முதல் தரம், தொலைபேசி இரண்டாம் தரம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. ஓடு மாற்றுவதென்றாலும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். சச்சரவு வந்தால், பெரியவர்கள் ஒவ்வொரு பங்காளியையும் தனியே பார்த்துப் பேசி, யாருக்கு எது மனக்குறை என்று தெரிந்துகொண்ட பிறகே எல்லோரையும் முகப்பில் உட்காரவைப்பார்கள். அந்த வரிசை இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: என்ன நடந்தது, எந்த வரி உங்களை வருத்தியது, இனி எது மாற வேண்டும். அவர்கள் சொன்னதை அவர்களிடமே திருப்பிச் சொல்லி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் விவகாரத்தில் ஆசிரியர் சொன்னது இது: "அந்தத் தம்பி சேர்க்கிற சொல்லைப் பற்றி நான் அப்புறம் பேசுகிறேன். என் கமிட்டைக் காரணம் ஒரு வரிகூட எழுதாமல் ரிவர்ட் செய்தாரே, அது என்ன மரியாதை?" மாணவர் சொன்னது: "ஐயா என்னைத் தனியாக எவ்வளவு திட்டியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பேன், அண்ணே. எல்லோரும் பார்க்கிற இடத்தில் அரைகுறை என்று எழுதிவிட்டார்." இரண்டு மனக்குறைகளிலும் கிரந்த எழுத்து இல்லை. கிரந்த எழுத்துகளைப் பற்றி மட்டும் நாங்கள் முடிவெடுத்திருந்தால், அடுத்த புல் ரிக்வெஸ்டிலேயே சண்டை திரும்பியிருக்கும். தொழில்நுட்பக் கேள்வியை இந்தப் பேச்சிலிருந்து பிரித்து, வேறொரு நாளில், வேறொருவர் தலைமையில் முடிவு செய்யுங்கள். எங்கள் திட்டத்தில் அச்சொற்கள் விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளக்கூடிய தனிக் கோப்பாகிவிட்டன.

குறிப்புகளை நான் தாள் நோட்டில்தான் எழுதுகிறேன். பிரைவேட் ரெப்போ என்றாலும், நாளை அங்கே இன்னொருவருக்கு அனுமதி கொடுக்க வேண்டிவரும்.

படி 4: சேர்ந்து உட்கார்தல்

இது பெரும்பாலும் சுருக்கமாகவே முடியும். இனிச் செய்ய வேண்டியவற்றை மட்டும் எழுதி, இருவரும் படித்து ஒப்பியபின் வெளியிடுங்கள். எங்களுடையது இரண்டே வரி: காரணம் எழுதாமல் எதையும் ரிவர்ட் செய்வதில்லை, ஆளைப் பற்றிய குறையை இஷ்யூவில் எழுதுவதில்லை. மன்னிப்புக் கேட்கும்படி யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

படி 5: விதியும், அதை நடத்தும் ஆள்களும்

கோராலின் ஆடா எம்கே 2014-இல் எழுதிய 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' பரவலாகக் கையாளப்படும் நடத்தை விதி. 2015 முதல் 'கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்ற சிறு குறிப்போடு இருந்த, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னல் திட்டமும், 2018 செப்டம்பரில் அதற்குப் பதிலாக இதையே ஏற்றது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கடுமையான மின்னஞ்சல்களுக்கு மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கியிருந்ததும் அதே மாதத்தில்தான். கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்டின் 2.0, 2.1 பதிப்புகளில், திருத்தம், எச்சரிக்கை, தற்காலிகத் தடை, நிரந்தரத் தடை என்று நான்கு படிகள் அதிலேயே வரையறுக்கப்பட்டிருப்பதால், தண்டனையை நீங்கள் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. அந்தப் பதிப்புகளின் கோப்பை நகலெடுத்ததும், சதுர அடைப்புக்குள் 'இன்சர்ட் கான்டாக்ட் மெத்தட்' என்றிருக்கும் இடத்தைத் தேடி, உங்கள் புகார் முகவரியை நிரப்புங்கள். அதை அப்படியே விட்டுவைத்திருக்கும் திட்டங்களுக்குக் குறைவில்லை.

அந்த முகவரியைக் குறைந்தது இருவர் படிக்க வேண்டும். சமரசம் பேசுகிறவரும் தடை விதிக்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது. தடை விதிக்கும் கை உடையவரிடம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பைதான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018-இல் தலைமையிலிருந்து விலகிய பின் அமைந்த பைதான் வழிநடத்தும் குழுவின் ஐவரில், ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருவருக்குமேல் இருக்கக் கூடாது. 'நிறுவனம்' என்ற இடத்தில் 'கல்லூரி' என்று போட்டு அதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம். தலைமைமேலேயே புகார் வந்தால் யார் விசாரிப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். 2021 நவம்பரில் ரஸ்ட் நிரல்மொழியின் மாடரேஷன் குழு (நடத்தை விதியைக் காக்கும் குழு) முழுவதும் ஒன்றாகப் பதவி விலகியது, மையக் குழு எவருக்கும் பதில் சொல்லக் கட்டுப்படவில்லை என்ற காரணத்தைச் சொல்லித்தான்.

பிற்சேர்க்கை

'மோதுகிறவர்களில் ஒருவர் எனக்கு மாமா முறை, என்ன செய்வது?' என்று புதுவயலிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். செட்டிநாட்டுப் பக்கம் இது எல்லோருக்கும் வரும் சிக்கல். உறவை இரு தரப்புக்கும் சொல்லிவிட்டு விலகிக்கொண்டு, வேறொரு தமிழ்த் திறமூலத் திட்டத்தின் மெயின்டெய்னரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நீங்கள் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும் மற்றவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொருவர், கிட்ஹப்பைப் பூட்டியதும் சண்டை வாட்ஸ்அப் குழுவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார். குழு அமைப்புகளில் அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றுங்கள். முன்னதாக, சண்டையிடுகிறவர்களில் எவரேனும் அட்மினாக இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் அனுப்பிய செய்தியையும் அட்மின் எல்லோருக்குமாக நீக்க முடியும் என்பதால் கை பரபரக்கும்; நீக்கும்முன் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புகார் முகவரிக்கு அனுப்பிவிடுங்கள், இல்லையேல் விசாரிக்கிறவர்களின் கையில் ஒன்றும் இருக்காது.