விஸ்காம் மாணவரின் போர்ட்ஃபோலியோ சறுக்கும் இடங்கள்

கடைசி வருடம் படிக்கும் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மாணவர்கள் சிலர் தங்கள் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பை, எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று சொல்ல முடியாது. முதல் பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிச் செய்த ஒரு லோகோ. அடுத்து, இல்லாத ஒரு காபி கடைக்குப் பிராண்டிங். அப்புறம் ஒரு ஷூ போஸ்டர், பிரபலமான ஏதோ ஒரு ஆப்பின் புது வடிவம். எல்லாமே இலவசமாகக் கிடைக்கும் அதே மாக்அப்பில் (டிசைனை நிஜப் பொருளின் மேல் வைத்துக் காட்டும் படம்), அதே பழுப்புக் காகிதப் பையின் மேல்.

அதே மாணவரிடம் பத்து நிமிடம் பேசினால் வேறொன்று தெரியவரும். ஊர்க் கோயில் கொடைக்கு நோட்டீஸ் செய்திருப்பார். மாமாவின் ஹார்டுவேர் கடைக்குப் பெயர்ப்பலகை, அக்காவின் கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் கைவேலையாக இருக்கும். "இதையெல்லாம் ஏன் வைக்கலை?" என்று கேட்டால், "அது சின்ன வேலை சார், லோக்கல் வேலை" என்பார்.

நான் பார்ப்பதிலேயே பெரிய தவறு இதுதான். கற்பனைக் காபி கடை உங்களிடம் எதையும் மறுத்துப் பேசாது. கல்யாணப் பத்திரிகையோ இரண்டு வீட்டாரின் குலதெய்வங்களையும் மேலே கேட்கும். தாய்மாமன் பெயர் விட்டுப்போகக் கூடாது, இவ்வளவு ரூபாய்க்கு மேல் அச்சுச் செலவு போகக் கூடாது. முப்பது பெயரையும் திணித்த பிறகும் முகூர்த்த நேரமும் மண்டபமும் ஒரே பார்வையில் கண்ணில் பட வேண்டும். அதைச் செய்து முடித்தவருக்கு எதை முன்னே வைப்பது, எதைச் சிறிதாக்குவது என்று தெரிந்திருக்கிறது. வேலைக்கு எடுப்பவர் தேடுவது அந்தத் திறமையைத்தான்.

ஆகவே அந்தப் பத்திரிகையை வையுங்கள், ஆனால் இறுதி வடிவத்தை மட்டும் வைக்காதீர்கள். முதலில் போட்ட ஸ்கெட்ச், வீட்டார் வேண்டாம் என்ற வடிவம், ஏன் மாற்றினீர்கள் என்று நாலு வரி, அச்சாகி வந்த பிரதியைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. இவ்வளவு போதும். வாடிக்கையாளர் பிடிவாதத்தால் வேலை கெட்டுப்போயிருந்தால், அச்சானதையும் நீங்கள் நினைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று எழுதிவிடுங்கள். எல்லோரும் அந்த நிலையில் இருந்திருக்கிறோம், புரிந்துகொள்வோம்.

ரூபாய்க் குறியை யோசித்துப் பாருங்கள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ₹ குறியை வடிவமைத்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். அப்போது மும்பை ஐஐடியில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர். ஆய்வுப் பொருள், தமிழ் அச்செழுத்து. தேவநாகரி 'ர'வும் ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றில் சேர்வது, மேலே உள்ள இரண்டு கோடுகள் மூவர்ணக் கொடியையும் சமக்குறியையும் நினைவுபடுத்துவது என்று அந்தக் குறியின் ஒவ்வொரு கோட்டுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. உங்கள் வேலை ஒவ்வொன்றுக்கும் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். 'மினிமலாக இருக்கட்டும் என்று செய்தேன்' என்பது காரணம் ஆகாது.

அடுத்தது தமிழ் எழுத்து. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஆங்கிலத் தலைப்புக்கு மூன்று நாள் கெர்னிங் (எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளி) பார்ப்பவர், தமிழ் வரி வந்ததும் கைக்குக் கிடைத்த ஃபான்ட்டைப் போட்டு நகர்ந்துவிடுகிறார். 'கொ'வின் கொம்பு இடம் மாறிப் பின்னால் போய் நிற்கிறது, எழுத்தோடு சேராத குறிக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் எட்டிப் பார்க்கிறது. அதைக் கவனிக்காமல் அனுப்பிய போர்ட்ஃபோலியோக்களைப் பார்த்திருக்கிறேன். குறை பெரும்பாலும் ஃபான்ட்டில் இல்லை, செட்டிங்கில் இருக்கிறது. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தியின் கம்போசரை (எழுத்துகளைக் கோத்து வரியாக அமைக்கும் செட்டிங்) 'வேர்ல்டு-ரெடி'க்கு மாற்ற வேண்டும். படம் வரையும் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் டைப் ப்ரிஃபரன்சஸில் 'இண்டிக் ஆப்ஷன்ஸ்' தேர்வு செய்துவிட்டு, கம்போசரைத் தெற்காசிய எழுத்துக்கானதாக வைக்க வேண்டும்.

ஊர் அச்சகங்களில் பாமினி, வானவில் போன்ற பழைய முறை ஃபான்ட்கள் இன்னும் ஓடுகின்றன. அங்கே பழகியவர் அதே எழுத்தைக் காப்பி செய்து தன் இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் வரும். எங்கே ஒட்டினாலும் தமிழைத் தமிழாகவே காட்டும் யூனிகோடு முறைக்கு வந்துவிடுங்கள். முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், அனெக் தமிழ் எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே விடாதீர்கள். மேல் வரியின் 'மூ' வால் கீழ் வரியின் 'கீ' சுழியில் போய் இடிக்கும். தமிழும் ஆங்கிலமும் அருகருகே வரும்போது ஒரே பாயின்ட்டில் வைத்தால், பல ஃபான்ட்களில் தமிழ் அகலமாகவும் கனமாகவும் தெரியும். கண்ணால் பார்த்து ஒன்றிரண்டு பாயின்ட் குறையுங்கள். தமிழை ஒழுங்காகச் செட் செய்யத் தெரிந்த டிசைனர் தேவைப்படும் பதிப்பகங்களும் விளம்பர நிறுவனங்களும் இங்கே நிறைய உண்டு. இந்த ஒரு பக்கமே உங்களைத் தனியாகக் காட்டும்.

பர்சனல் பிராண்ட் என்றதும் பலர் சொந்த லோகோவில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு மாதம் அதிலேயே போய்விடுகிறது, உள்ளே வைக்க வேலை இருப்பதில்லை. பெயரை நல்ல ஃபான்ட்டில் தெளிவாக எழுதினாலே போதும். டிசைனர்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் தளம், இன்ஸ்டாகிராம், மெயில் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். எந்த மாதிரி வேலை உங்களுக்குப் பிடிக்கிறதோ அதையே தொடர்ந்து செய்துவந்தால் ஆட்கள் அதை வைத்து உங்களை நினைவில் வைப்பார்கள். 'போட்டோஷாப் 90 சதவீதம்' என்று திறமையைப் பட்டையாக வரைந்து காட்டும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எதில் 90 என்று யாராலும் சொல்ல முடியாது.

எத்தனை வேலை வைப்பது என்று கேட்பார்கள். ஆறிலிருந்து எட்டு போதும். சுமாரான ஒன்று நல்ல ஐந்தையும் கீழே இழுத்துவிடும்.

குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று எழுதுங்கள். ரெடிமேட் படங்கள் கிடைக்கும் ஃப்ரீபிக் தளத்தில் எடுத்த படம், ஏஐயில் உருவாக்கிய படம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நேர்காணலில் 'இந்த இல்லஸ்ட்ரேஷனை எப்படி வரைந்தாய், லேயர் ஃபைலைக் காட்டு' என்று கேட்டால் அங்கே மறைக்க முடியாது. அதன் பிறகு மீதி வேலைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

அப்புறம், அனுப்பும் விதம். டிரைவ் லிங்க் கொடுத்துவிட்டு அனுமதியைத் திறந்துவிட மறந்தால், திறப்பவருக்கு வருவது 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம். அனுமதி கேட்டுக் காத்திருக்கிற அளவுக்கு அவருக்கு நேரம் இருக்காது. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது. உங்கள் பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருந்தால் நல்லது. ஃபைலின் பெயரில் 'ஃபைனல் நியூ 2' வேண்டாம், உங்கள் பெயரும் வருடமும் இருக்கட்டும். பல பேர் போனில்தான் முதலில் திறக்கிறார்கள். அதனால் அனுப்புவதற்கு முன் அந்த லிங்க்கை அம்மாவின் போனுக்கு ஒருமுறை வாட்ஸ்அப் செய்து, மொபைல் டேட்டாவில் திறந்து, கடைசிப் பக்கம் வரை தள்ளிப் பாருங்கள். பத்திரிகையில் உள்ள முகூர்த்த நேரத்தை அம்மாவால் பெரிதாக்காமல் படிக்க முடிகிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.