உலகின் நீளமான வீதிச் சுரங்கத்தில் வாகனம் ஓட்டுவது எப்படி?

கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஆட்கள் வந்தால், நோர்வேயின் பேர்கன் நகரில் இருக்கும் எங்கள் சனம் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகிற இடம் லார்டால் சுரங்கப்பாதை. 24.5 கிலோமீற்றர் நீளம். 2000 நவம்பரில் அரசர் ஹரால்ட் திறந்து வைத்தார்; அன்றிலிருந்து உலகின் நீளமான வீதிச் சுரங்கம் இதுதான். நான் மீன் லொறி ஓட்டுகிறவன். ஒஸ்லோவுக்குப் போகிற ஈ16 வீதிதான் என் வேலைத்தலம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

புறப்பட முன் வீதிப் போக்குவரத்துத் தகவல் எண்ணான 175க்கு அழைத்துப் பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். பராமரிப்பு வேலைக்காகச் சுரங்கங்களை இரவில் மூடுவது இங்கே வழக்கம். பெற்றோலோ சார்ஜோ, கழிப்பறையோ, எல்லாவற்றையும் லார்டாலுக்குச் சற்று முன் வரும் ஃப்ளாம் ஊரிலேயே முடித்துவிடுங்கள். சுங்கக் கட்டணம் இல்லை.

பேர்கனிலிருந்து வொஸ் ஊர் தாண்டி வரும்போது, லார்டாலுக்கு முன்னால் குட்வாங்கா சுரங்கம் வரும், 11.4 கிலோமீற்றர். அதை ஒத்திகையாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுகிற ஆள் யாராவது வாகனத்தில் இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். வெளியே வந்ததும், "மாமி, எப்படி இருக்கு? இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே ஒன்று இருக்கு" என்று உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். ஏலாது என்றால் வற்புறுத்த வேண்டாம். வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நுழைவாயிலில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள். குளிர்காலத்தில் உள்ளே போன கையோடு முன்கண்ணாடியில் ஆவி படிந்து மங்கும், காற்றை முன்கூட்டியே அதன் பக்கம் திருப்பிவிடுங்கள். உள்ளே ஒரே குழாய்தான். எதிரே வரும் வாகனமும் அதே குழாய்க்குள்தான் வரும். வேகம் 80. அந்த வேகத்தில் இருபது நிமிடம் அளவில் எடுக்கும். முன்னால் மெதுவாகப் போகிறவரை முந்தவே வேண்டாம். முன் வாகனத்திலிருந்து நல்ல இடைவெளி விடுங்கள்.

இந்தச் சுரங்கத்தின் ஆபத்து நித்திரைதான். ஒரே சுவர், ஒரே விளக்கு, ஒரே இரைச்சல். கட்டினவர்கள் உளவியலாளர்களையும் கூட்டிவைத்து இதை யோசித்திருக்கிறார்கள். அதனால்தான் ஆறு ஆறு கிலோமீற்றருக்கு ஒரு பெரிய குகையாக மூன்று குடைந்திருக்கிறார்கள். முதலில் தூரத்தில் நீல வெளிச்சம் மட்டும் தெரியும். கிட்டப் போகப் போகப் பாறைக்கூரை உயர்ந்து அகலும், அடிவிளிம்பில் மஞ்சள் வெளிச்சம், கிழக்கு வெளுக்கிற நேரம் மாதிரி இருக்கும். கண் விழித்துக்கொள்ளும், தோள் தளரும். பயந்த ஆளை முன்சீற்றில் இருத்தி, குகைகளை எண்ணுகிற வேலையைக் கொடுங்கள். மூன்று குகை, நான்கு துண்டு. இருபத்துநான்கு கிலோமீற்றரை மனம் தாங்காது, ஆறைத் தாங்கும். நடுக்கோட்டில் ஏறினால் சக்கரம் கடகடவென்று அதிரும், அதுவும் உங்களை எழுப்பத்தான். குகையின் ஓரத்தில் ஒதுங்க இடம் இருக்கிறது. ஓட்டுநருக்குக் களைப்பென்றால் ஒதுங்குங்கள்; படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளை இறக்கி வீதியில் நிறுத்துவதை நான் முற்றாக எதிர்க்கிறேன்.

அவசரம் வந்தால் என்ன செய்வதென்று போக முன்னரே வாகனத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள். 250 மீற்றருக்கு ஓர் எஸ்.ஓ.எஸ். தொலைபேசி, 125 மீற்றருக்கு ஒரு தீயணைப்புக் கருவி. சொந்தக் கைபேசியை விட அந்தத் தொலைபேசி நல்லது, நீங்கள் நிற்கிற இடம் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு உடனே தெரியும். தீயணைப்புக் கருவியைத் தூக்கினாலே "திருப்பி வெளியே ஓட்டு" என்று நோர்வேஜிய மொழியில் பலகைகள் ஒளிரும். புகையைக் கண்டால் அதற்குள் போய்ப் பார்க்க நினைக்காதீர்கள். வாகனம் திருப்ப அகலமான இடங்கள் விட்டிருக்கிறார்கள், திருப்பி வந்த வழியே வெளியேறுங்கள். குட்வாங்காவில் 2013இலும் 2015இலும் வாகனங்கள் தீப்பிடித்தன. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

இந்தச் சாதனை கைமாறப்போகிறது, ஆனால் நாடு மாறாது: பொக்னா ஃபியோர்டின், அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடலின், அடியில் 26.7 கிலோமீற்றர் நீளத்தில் ரோக்ஃபாஸ்ட் சுரங்கத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு 392 மீற்றர் கீழே போகுமாம். அது திறக்கிறதுக்குள் லார்டாலைப் பார்த்துவிடுங்கள்.

ஏலாது என்ற மாமிக்கு: கோடையென்றால் சுரங்கத்தின் இந்தப் பக்கத்து ஊரான அவுர்லாண்டிலிருந்து பழைய மலைவீதி இருக்கிறது, அதுவும் லார்டாலுக்கே இறங்கும். ஒடுக்கமான வீதி, கன நேரம் எடுக்கும். வழியில் ஸ்டேகஸ்டைன் பார்வைமேடை, ஃபியோர்டுக்கு 650 மீற்றர் மேலே. பனிக்காலத்தில் மலைவீதி மூடியிருக்கும், அதனால் அந்த ஆட்களோடு வருவதென்றால் பயணத்தை யூலை, ஓகஸ்டில் வையுங்கள்.