பழைய கணினி விளையாட்டுகளைப் புதிய கணினியில் ஓட்டுவது: படமும் வேகமும் சீராக வர

பழைய விளையாட்டு ஒன்று புதிய கணினியில் முரண்டு பிடிக்கும்போது, பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், அதன் கோப்பின்மீது வலது சொடுக்கிட்டு, ‘கம்பாட்டிபிலிட்டி’ பக்கத்தைத் திறந்து, அங்குள்ள கட்டங்கள் எல்லாவற்றிலும் வரிசையாகக் குறியிடுவதுதான். சில சமயம் அவற்றில் ஏதோ ஒன்று பலன் தந்துவிடும். ஆனால் எது பலன் தந்தது, எது புதிய தொல்லையை இழுத்துவந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். கோளாறு படத்தில் இருக்கிறதா, வேகத்தில் இருக்கிறதா என்று முதலில் பிரித்துப் பார்ப்பதே முறை.

அந்தக் காலத்து நிரலாளர்கள் இரண்டு விஷயங்களை மாறாதவை என்று எடுத்துக்கொண்டு எழுதினார்கள். ஒன்று, கணினியின் வேகம். 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதற்காக எழுதப்பட்ட நிரல்கள் பல, கடிகாரத்தைப் பார்க்காமல், செயலி ஒரு சுற்றை ஓடி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தையே காலக்கணக்காக வைத்துக்கொண்டன. மற்றொன்று, 4:3 விகிதத் திரை. இன்று கோலாலம்பூரின் கணினிக் கடைத்தொகுதியான லோ யாட் பிளாசாவில் வாங்கும் மிக மலிவான மடிக்கணினியிலும் இந்த இரண்டுமே கிடையாது. விளையாட்டு நம்பியிருந்த வேகத்தையும் திரையையும் அதற்கு மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், கணினியின் மற்ற அமைப்புகளில் கை வைக்கத் தேவையே வராது.

தொடங்குவதற்கு முன், விளையாட்டை ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவுக்குள் நிறுவாமல், சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று தனி அடைவு ஒன்றை உண்டாக்கி அதில் நிறுவுங்கள். பழைய விளையாட்டுகள் தங்கள் அமைப்புக் கோப்புகளைத் தாங்கள் இருக்கும் அடைவிலேயே எழுதும் வழக்கமுடையவை. ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ அடைவில் விண்டோஸ் அதை அனுமதிக்காமல் வேறொரு மறைவான இடத்துக்குத் திருப்பிவிடுவதால், நீங்கள் திருத்தும் கோப்பு ஒன்றாகவும் விளையாட்டு படிக்கும் கோப்பு வேறொன்றாகவும் ஆகிவிடும். நிறுவியதும் அந்த அடைவை அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

டாஸ் காலத்து விளையாட்டுகள்

64-பிட் விண்டோஸில், விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளமான டாஸுக்காக எழுதப்பட்ட நிரல்கள் நேரடியாக ஓடா. அவற்றுக்கு டாஸ்பாக்ஸ் வேண்டும். 2002 முதல் இலவசமாகக் கிடைத்துவரும் இந்த மென்பொருள், பழைய கணினி ஒன்றை முழுவதுமாக உள்ளே போலச்செய்து காட்டுகிறது. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்னும் பதிப்பு, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னும் எளிது என்பது என் கருத்து.

டாஸ்பாக்ஸில் வேகத்தை ஆளுவது ‘சைக்கிள்ஸ்’ என்னும் ஓர் எண். அது போலி செயலி ஒரு மில்லிநொடியில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்ற வேண்டும் என்பதைக் குறிக்கிறது. ஏறத்தாழ 300 என்றால் முதல் ஐபிஎம் பிசி, 6,000 என்றால் 33 மெகாஹெர்ட்ஸ் 386, 24,000 என்றால் 66 மெகாஹெர்ட்ஸ் 486 என்று வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் விசையுடன் எஃப்11-ஐ அழுத்தினால் எண் குறையும், எஃப்12-ஐ அழுத்தினால் கூடும். சாளரத்தின் தலைப்பில் அந்த எண் மாறுவதைக் காணலாம்.

1990-இல் வந்த விங் கமாண்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தன் வேகத்துக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்ளாத விளையாட்டு அது. வேகமான கணினியில் எதிரி விண்கலம் தெரிந்த மாத்திரத்தில் திரையைக் கடந்துவிடும். குறிபார்க்கவே நேரம் இருக்காது. இதில் காதையும் பயன்படுத்துங்கள். டாஸ் விளையாட்டுகள் பலவற்றில் இசை, செயலியின் வேகத்தைச் சாராமல், கணினியிலுள்ள தனி நேரச் சில்லைக் கொண்டு ஓடுகிறது. ஆகவே, இசை சரியான தாளத்தில் ஒலிக்க, உருவங்கள் மட்டும் பறக்கின்றன என்றால், கோளாறு சைக்கிள்ஸ் எண்ணில்தான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். எண்ணை 3,000-இல் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அசைவு திக்கித் திக்கி வந்தால் எண் போதவில்லை. கைக்கு அடங்காமல் ஓடினால் எண் மிகுதி. ஒலி கரகரத்து அறுபட்டால், உங்கள் உண்மையான கணினியால் அந்த எண்ணுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று பொருள். பொருந்திய எண்ணை அந்த விளையாட்டுக்கென்று தனி அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த விளையாட்டுக்கு அது பொருந்தாது.

டர்போ பாஸ்கல் என்னும் நிரலாக்கக் கருவியில் எழுதப்பட்ட சில நிரல்கள் தொடங்கிய உடனேயே ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றுவிடும். தாமதத்தை அளப்பதற்காகத் தொடக்கத்தில் செய்யும் ஒரு கணக்கு, ஏறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட செயலிகளில் எல்லை மீறிப்போவதால் வரும் பிழை இது. சைக்கிள்ஸைக் குறைத்துத் தொடங்கினால் மறைந்துவிடும்.

படத்தைப் பொறுத்தவரை, டாஸ் விளையாட்டுகளில் பெரும்பகுதி 320-க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. அந்தப் படம் 4:3 திரையை நிரப்பியபோது, ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தது. இன்றைய திரையின் புள்ளிகள் சதுரமானவை. எனவே திருத்தம் செய்யாமல் காட்டினால் வட்டங்கள் அமுங்கி, ஆட்கள் குட்டையாகிவிடுவார்கள். அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதை ‘ட்ரூ’ என்றும், ‘அவுட்புட்’ என்பதை ‘ஓபன்ஜிஎல்’ என்றும் மாற்றுங்கள். 1920-க்கு 1080 திரையில் படம் 1440 புள்ளி அகலத்தில் நின்று, இருபுறமும் கருப்புப் பட்டைகள் வரும். காசு கொடுத்து வாங்கிய திரை முழுதும் நிரம்ப வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இழுத்து விரிக்கிறார்கள். பிறகு ஆட்டத்தில் வரும் ஆட்களெல்லாம் கல்யாண விருந்து முடித்து வந்தவர்களைப் போல அகன்று நிற்பார்கள். கருப்புப் பட்டைகளுக்குக் கண் பழகிவிடும்.

விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை

பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கத்து சைபர் கஃபேக்களில் ஆடியவர்கள் மீண்டும் தேடிப்போகும் விளையாட்டுகள் பெரும்பாலும் இந்தக் காலத்தவை. தொல்லையும் இவற்றில்தான் அதிகம். 1999-இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, விண்டோஸ் 7-இல் ஓடும்போது, நீர்நிலைகளும் புல்லும் சிவப்பும் ஊதாவுமாக மாறிப்போனதைப் பலர் கண்டிருப்பார்கள். அது 256 நிறங்களை மட்டுமே கொண்ட ஒரு நிறப்பட்டியலை வைத்து வரையும் விளையாட்டு. அதே பட்டியலில் விண்டோஸின் எக்ஸ்புளோரரும் கை வைத்ததால் நிறங்கள் இடம் மாறின. எக்ஸ்புளோரரை மூடிவிட்டு ஆடுவது அப்போதைய கைவைத்தியம். விண்டோஸ் 8 முதல், இவ்விளையாட்டுகள் படம் வரைய நம்பியிருக்கும் டைரக்ட்டிரா என்னும் விண்டோஸ் பகுதியே போலச்செய்தலாக மாறிவிட்டதால், நிறக்கோளாறு போய் வேகக்கோளாறு வந்துசேர்ந்தது.

இதற்கு உறுதியான தீர்வு, விளையாட்டுக்கும் விண்டோஸுக்கும் இடையே இடைநிலைக் கோப்பு ஒன்றை வைப்பது. 2000-இல் வந்த ரெட் அலர்ட் 2-ஐ எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் 10-இல் அதன் தொடக்கப் பட்டி கருப்பாக நிற்கும், அல்லது சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி நொண்டி நொண்டி வரும். சிஎன்சி-டிடிரா என்னும் இலவச மென்பொருளைப் பதிவிறக்கி, அதிலுள்ள கோப்புகளை விளையாட்டின் அடைவிலேயே போடுங்கள். விண்டோஸின் சொந்த டைரக்ட்டிரா கோப்பைத் தேடுவதற்கு முன் விளையாட்டு தன் அடைவில் பார்ப்பதால், அதே பெயருடைய இந்தக் கோப்பை எடுத்துக்கொள்ளும். அதனுடன் வரும் அமைப்பு நிரலைத் திறந்து, விளிம்பில்லா முழுத்திரையைத் தேர்ந்தெடுத்து, பட விகிதத்தைக் காக்கும் ‘மெயின்டாஸ்’ வசதியை இயக்குங்கள். ஆட்டம் ஓடும் வேகம் மிகுதியாக இருந்தால், ‘மேக்ஸ்கேம்டிக்ஸ்’ என்னும் எண்ணைக் கொண்டு அதைக் கட்டுப்படுத்தலாம். அதை மாற்றிய பின் ஒரு சிறு ஆட்டத்தைத் தொடங்கி, டாங்கி ஒன்று வரைபடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்வதைப் பார்த்தால் வேகம் தெரிந்துவிடும். படத்தின் அளவை விளையாட்டின் ‘ஆர்ஏ2’ என்ற ஐஎன்ஐ கோப்பில் ‘வீடியோ’ பகுதியில் அகலம், உயரம் ஆகிய இரண்டு வரிகளில் எழுத வேண்டும். அதன் விரிவாக்கமான யூரிஸ் ரிவெஞ்ச் ஆடுபவர்களுக்கு அந்தக் கோப்பு ‘ஆர்ஏ2எம்டி’.

முப்பரிமாண விளையாட்டுகளுக்கு டிஜிவூடூ 2 என்னும் இடைநிலை மென்பொருள் ஏற்றது. விளையாட்டுகள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸின் பழைய பதிப்புகளையும், 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வரைகலை அட்டைகளுக்கென்று இருந்த கிளைட் இடைமுகத்தையும், இன்றைய அட்டைகளுக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. புதிய அட்டையின் பல கிகாபைட் நினைவகத்தைக் கணக்கிடத் தெரியாமல் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று புலம்பும் விளையாட்டுகளுக்கும் இதுவே மருந்து, ஏனெனில் 256 மெகாபைட் மட்டுமே இருப்பதாக விளையாட்டிடம் இதைச் சொல்ல வைக்கலாம். மூலையில் தெரியும் அதன் சின்னத்தை ‘டைரக்ட்எக்ஸ்’ பக்கத்தில் அணைத்துவிடலாம். இத்தகைய கோப்புகளை அவற்றை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

பெரும்பாலும் மடிக்கணினிகளில் வரும் ஒரு தொல்லை உண்டு. படத்தின் ஒரு பகுதி திரைக்கு வெளியே போய்விடும், அல்லது சொடுக்கும் இடம் ஒன்றாகவும் பதியும் இடம் வேறாகவும் இருக்கும். திரையின் எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காட்டில் விண்டோஸ் பெரிதாக்கி வைத்திருப்பதே காரணம். ‘கம்பாட்டிபிலிட்டி’ பக்கத்தில் நான் முதலில் பார்க்கும் அமைப்பு இதுதான்: ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, கீழேயுள்ள கட்டத்தில் குறியிட்டு, ‘அப்ளிகேஷன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் படம் அகலமாக இழுபட்டால், வரைகலை அட்டையின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் விகிதத்தைக் காக்கும் அமைப்பை இயக்குங்கள்.

வேகம் மிகும்போதும் குறையும்போதும்

2000-க்குப் பின் வந்த சில விளையாட்டுகளில் வேகக்கோளாறு வேறு உருவம் எடுக்கிறது. செயலி அல்ல, திரையில் ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதே அங்கே காலக்கணக்கு. 2011-இல் வந்த ஸ்கைரிமின் முதல் பதிப்பை 144 ஹெர்ட்ஸ் திரையில் கட்டுப்பாடின்றி ஓட்டினால், வீட்டுக்குள் நுழைந்ததும் மேசைமேல் உள்ள கிண்ணங்களும் தட்டுகளும் தாமாகவே எகிறிப் பறக்கும். அதன் இயற்பியல் கணக்கு நொடிக்கு 60 படங்களை எதிர்பார்த்து எழுதப்பட்டது. படங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடும் ரிவாடியூனர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சர்வர் என்னும் மென்பொருளில் அந்த விளையாட்டை மட்டும் சேர்த்து 60 என்று வரம்பு போட்டால் தீரும். நிவிடியா அட்டை உள்ளவர்கள் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்திலேயே ‘மேக்ஸ் ஃபிரேம் ரேட்’ அமைப்பைப் பயன்படுத்தலாம்.

வரம்பு போடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பழைய விளையாட்டின் வெறும் தொடக்கப் பட்டியைக்கூடப் புதிய அட்டை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை வரைந்து தள்ளும். கோலாலம்பூரின் பிற்பகல் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத அடுக்ககத்து அறையில், மடிக்கணினியின் விசிறி கத்துவதற்கும், சூடு தாங்காமல் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஆட்டம் திக்குவதற்கும் இது போதும்.

ஒரே மையம் (கோர்) கொண்ட செயலிக்காக எழுதப்பட்ட விளையாட்டு, பல மையங்களில் மாறி மாறி ஓடும்போது உறைந்து நிற்கவோ துள்ளவோ கூடும். டாஸ்க் மேனேஜரின் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் அதன் பெயரின்மீது வலது சொடுக்கிட்டு, ‘செட் அஃபினிட்டி’ வழியாக ஒரு மையத்தை மட்டும் விட்டுவைத்துப் பாருங்கள். இதன் பலன் விளையாட்டை மூடியதும் போய்விடும். சுட்டியை அசைக்கும்போது மட்டும் ஆட்டம் திக்கினால், சுட்டியின் மென்பொருளில், அது நொடிக்கு எத்தனை முறை தன் நிலையைத் தெரிவிக்கிறது என்பதைக் குறிக்கும் ‘போலிங் ரேட்’ 1,000 ஹெர்ட்ஸாக இருக்கிறதா என்று பாருங்கள். 125-க்கு இறக்கினால் பல விளையாட்டுகள் சீராகிவிடும்.

எவ்வளவு திருத்தினாலும் ஓடாதவையும் உண்டு. நகலெடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் பூட்டு கொண்ட குறுவட்டுகளை விண்டோஸ் 10 ஏற்பதில்லை, ஏனெனில் அந்தப் பூட்டுக்கு வேண்டிய இயக்கியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் விலக்கிவிட்டது. அந்த விளையாட்டு ஜிஓஜி போன்ற இணையக் கடையில் மறுபடி விற்பனைக்கு வந்திருந்தால், சில ரிங்கிட் செலவழித்து அதை வாங்கிவிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும். பூட்டில்லாத குறுவட்டுகளை, நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிப்பதற்குள், யூஎஸ்பி வழி இணைக்கும் சிடி டிரைவ் ஒன்றை வைத்துப் பிரதி எடுத்துவிடுங்கள். அப்போது ஐஎஸ்ஓ வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால், குறுவட்டில் பாடல் தடங்களாகப் பதிந்திருக்கும் பின்னணி இசை பிரதியில் சேராது. ‘பின்’ (BIN), ‘கியூ’ (CUE) என்னும் இரட்டைக் கோப்பு வடிவத்தில் எடுத்தால் அதுவும் வந்துவிடும், டாஸ்பாக்ஸும் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.