கன்னி மூலையில் பதின்மூன்று கோடை: வீட்டுக்குத் திசை பார்ப்பது எப்படி

திருச்சியில் 1996இல் நாங்கள் கட்டிய வீடு வடக்குப் பார்த்த மனை. "வடக்கு வாசல் கிடைப்பதே கஷ்டம், விட்டுடாதீங்க" என்று எல்லோரும் சொன்னார்கள், விடவில்லை. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். காற்று வரட்டும் என்று அந்த அறைக்கு மேற்குப் பக்கம் இரண்டு ஜன்னல் வைத்தோம். அந்த ஜன்னல்கள் என் யோசனை, அதற்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

முதல் சித்திரையிலேயே தெரிந்துவிட்டது. இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் போல வெதுவெதுவென்று இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி நம் மேல் கொட்டும். பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். இப்படியே பதின்மூன்று கோடை. 2009இல் மேற்குப் பக்கத்துக் காலி மனையில் ஒருவர் மாடி வீடு எழுப்பினார். காற்று போச்சே என்று புலம்பினேன். அடுத்த மே மாதம் அறை குளிர்ந்து கிடந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் வீடு கட்டப் போகிறேன் என்றதும் இந்த முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"வீடு எந்தத் திசை பார்த்தது?" என்று நாம் கேட்பது வாசலைப் பற்றி. வெயிலுக்கு வாசல் ஒரு பொருட்டே இல்லை. நீளமான சுவர் எந்தப் பக்கம் இருக்கிறது, கண்ணாடியும் ஜன்னலும் எந்தப் பக்கம் இருக்கின்றன, படுக்கிற அறை எந்தச் சுவரை ஒட்டியிருக்கிறது, இந்த மூன்றும்தான் கணக்கு.

முதலில் திசையைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். செல்போன் காம்பஸ் கம்பிக்கட்டுக்கோ காருக்கோ பக்கத்தில் நின்றால் கன்னாபின்னா என்று காட்டும். மனையில் மூன்றடிக் குச்சி ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். காலை ஒன்பதரை மணி வாக்கில் நிழலின் நுனி எங்கே விழுகிறதோ, அங்கே ஒரு கல் வைத்துவிட்டு, குச்சியை மையமாக்கி அந்த நீளத்துக்குக் கயிறு பிடித்து ஒரு வட்டம் போடுங்கள். நிழல் உள்ளே சுருங்கிப் போய், மதியத்துக்கு மேல் மறுபடி நீண்டு வந்து வட்டத்தைத் தொடும். அங்கே இன்னொரு கல். இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அதுதான் அசல் கிழக்கு மேற்கு. காலையில் வைத்த கல் மேற்கு. கோயில் கட்டிய சிற்பிகள் சங்கு என்கிற குச்சியை நட்டுத் திசை பார்த்தது இதே முறையில்தான்.

அதே குச்சி இன்னொன்றையும் சொல்லும். ஏப்ரல் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் திருச்சியில் நடுப்பகலில் குச்சிக்கு நிழலே இருக்காது. சூரியன் நேர் உச்சி. சென்னையில் இது ஏப்ரல் 24 வாக்கில் வரும். அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரம் வரைக்கும் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும்! கத்திரி வெயிலில் மதியம் வெயில் படுவது வடக்குச் சுவரில், தெற்கில் இல்லை. தெற்குச் சுவர் அதிகமாக வெயில் வாங்குவது மார்கழி, தை மாதங்களில்தான். "தெற்கு ஜன்னல் வேண்டாம், சூடு" என்று யாராவது சொன்னால் அவருக்கு ஒரு குச்சி வாங்கிக் கொடுங்கள்.

வடக்கோ தெற்கோ, வெயில் உயரத்திலிருந்து வருவதால் சன்ஷேடு போட்டு அடக்கிவிடலாம். டிசம்பரில் மதியச் சூரியன் மிகத் தாழ்ந்து வரும்போதுகூட தரையிலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேடு தெற்கு ஜன்னலில் மூன்றடிக்கு நிழல் தரும். ஜூனில் வடக்கே 77 டிகிரி. ஓரடி சன்ஷேடே நாலடி ஜன்னலை முழுக்க மறைத்துவிடும்.

மேற்குதான் அடங்காது. சாயங்காலம் நாலேகால் மணி வாக்கில் சூரியன் சுமார் 30 டிகிரிக்கு இறங்கி, சுவருக்கு நேராக நின்று முறைக்கும். அப்போது இரண்டடி சன்ஷேடு ஓரடி சொச்சத்துக்குத்தான் நிழல் தரும். நாலடி ஜன்னல் முழுவதும் மறைய ஏறக்குறைய ஏழடி நீட்ட வேண்டும். ஏழடி என்றால் அது சன்ஷேடு இல்லை, தாழ்வாரம். பழைய வீடுகளில் திண்ணைக்கு மேலே ஓட்டுக் கூரையை அவ்வளவு தாழ இறக்கிவிட்டது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கிழக்கிலும் காலையில் இதே கோணம்தானே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கோணம் ஒன்றுதான், ஆனால் காலையில் காற்றும் சுவரும் குளிர்ந்திருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய சூட்டை ஐந்தாறு மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடும். கிழக்குச் சுவரின் சூடு மதியம் வரும், அப்போது படுக்கையறையில் யாரும் இல்லை. மேற்குச் சுவரின் சூடு நாம் பாயை விரிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும்.

இப்போது மனைக்கு வருவோம். ஊரில் எல்லோரும் ஒதுக்குகிற மேற்குப் பார்த்த மனையைத்தான் மகளுக்கு நான் கைகாட்டினேன். சம்பந்தி அம்மாவுக்கு முகமே சரியில்லை. என் கணக்கு இதுதான்: 30க்கு 50 மனை, ரோடு மேற்கே. அப்படியென்றால் 30 அடிப் பக்கம்தான் மேற்கு. இருபுறமும் இடம் விட்டது போக வீட்டின் மேற்குச் சுவர் 23 அடி. நீளச் சுவர்கள் வடக்கும் தெற்கும், அதாவது சன்ஷேடுக்கு அடங்குகிற பக்கங்கள். நான் ஆசைப்பட்டு வாங்கிய வடக்கு மனையில் மேற்குச் சுவர் 40 அடி இருந்தது. பக்கத்து மனைக்காரர் வீடு கட்டினால்தான் அதற்கு நிழல், அவர் எப்போது கட்டுவாரோ!

அந்த 23 அடியை எப்படி மறைத்தோம் என்று சொல்கிறேன். கன்னி மூலை பாரமாக இருக்க வேண்டும், அங்கே மாடிப்படி வரலாம் என்பது வாஸ்துக்காரர்களே சொல்வது. படுக்கையறையின் மேற்குச் சுவருக்கு வெளியே மாடிப்படியை ஏற்றினோம். அதில் 10 அடி போச்சு. மீதி 13 அடிக்குக் கார் நிற்கும் போர்டிகோ. அறைக்குள்ளே அதே மேற்குச் சுவர் முழுக்கத் துணி அலமாரி. ஜன்னல் தெற்கில் மட்டும். படுக்கையறை கன்னி மூலையை விட்டு நகரவில்லை, சம்பந்தி அம்மாவுக்கும் திருப்தி. குளியலறை, ஸ்டோர் ரூம் மாதிரி அதிக நேரம் இருக்காத அறைகளையும் மேற்கில் தள்ளலாம். ஆனால் கக்கூஸைக் கன்னி மூலையில் வைக்கப் பார்க்காதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

வாசலுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு புங்கை வைத்தோம். மாசி பங்குனியில் இலை கொட்டும், வெயில் ஏறும்போது தளதளவென்று மறுபடி துளிர்த்துவிடும். அது வளருகிற வரைக்கும் போர்டிகோவில் தென்னங்கீற்றுத் தட்டி.

காற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும், அந்தப் பக்கம் திறப்பு வேண்டும். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் வீசுவது மேல்காற்று. மேற்கிலிருந்து வரும் காற்றுக்குக் கோடை என்றே பழைய பெயர். பகலில் அது சூட்டையும் புழுதியையும்தான் கொண்டுவரும். எந்த ஊரானாலும் காற்று நுழைய ஒரு ஜன்னல் என்றால், வெளியேற எதிரே இன்னொரு வழி வேண்டும். மகளின் அறையில் தெற்கு ஜன்னலுக்கு எதிரே வடக்குச் சுவரில் கதவும், அதற்கு மேலே ஒரு வென்டிலேட்டரும். ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும் என்பதால், வெயில் கணக்குக்கு ஓரடி போதுமென்றாலும் வடக்கு சன்ஷேடை இரண்டடியாகவே போட்டோம்.

திசை எல்லாம் சரியாக அமைந்தாலும் மேல்தளம் கொதிக்கும், அதைச் சொல்லாமல் விட்டுப் பயனில்லை. மொட்டை மாடிக்குத் திசையே கிடையாது, உச்சி வெயில் முழுவதும் அதன் தலையில்தான். தட்டோடு பதிப்பதோ வெள்ளை டைல்ஸ் ஒட்டுவதோ உங்கள் பட்ஜெட். ஒன்றும் முடியாவிட்டால் பங்குனி முடிவதற்குள் இரண்டு கோட் சுண்ணாம்பாவது அடித்துவிடுங்கள்.

அடுக்குமாடியில் ஃபிளாட் பார்க்கிறவர்களுக்கு மாடிப்படியை நகர்த்த வழியில்லை. புரோக்கர் எப்போதும் காலையில்தான் கூட்டிப் போவார், எல்லா அறையும் குளுகுளுவென்று இருக்கும். "சாயங்காலம்தான் எனக்கு நேரம்" என்று சொல்லி, முடிந்தால் ஏப்ரல் மே மாதத்தில், ஐந்து மணிக்குப் போங்கள். மேற்கு ஜன்னல் எந்த அறையில் இருக்கிறது, எதிரே அதை மறைக்கக் கட்டடமோ மரமோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கீழே இறங்கி வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டீ குடித்து வந்து, ஒன்பது மணிக்கு மறுபடி மேலே ஏறி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அட்வான்ஸ் அதற்கப்புறம் கொடுக்கலாம்.