சோறு குறையட்டும், மீன் குறைய வேண்டாம்: எடை குறைப்பவர்களுக்கான புரதக் கணக்கு

எடை குறைக்கிறேன் என்று ஒருமுறை மூன்று வாரம் காலையும் இரவும் கஞ்சியும் வெள்ளரிக்காயுமாக ஓட்டினேன். எடை இறங்கத்தான் செய்தது. ஆனால் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கியது, மாலையானால் ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவைக் கை தேடியது. சோற்றோடு சேர்த்து மீனையும் பயற்றையும் குறைத்ததுதான் தப்பு. சாப்பாடு குறையும்போது உடம்பு கொழுப்போடு தசையையும் கரைக்கும். போதிய புரதமும் கொஞ்சம் எடைப் பயிற்சியும் இருந்தால் அந்த இழப்பு குறையும், பசியும் அடங்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 0.83 கிராம். எடை குறைக்கும்போது 1.2 முதல் 1.6 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. 65 கிலோ என்றால் 65 × 1.2 = 78 கிராம். எடை மிக அதிகம் என்றால், போய்ச் சேர வேண்டிய எடையை வைத்துப் பெருக்குங்கள்.

படி 2: தட்டில் எது புரதம் என்று பாருங்கள்

மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் நம் ஊரின் பிரிக்க முடியாத ஜோடி. அதில் வேலை செய்வது மீன் மட்டும்தான். கால் கிலோ கிழங்கில் ஏறக்குறைய 400 கலோரி, புரதம் மூன்று நான்கு கிராம். முந்திரியிலும் நிலக்கடலையிலும் புரதம் உண்டுதான், ஆனால் 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் வரும். ஒரு கை கொறித்தால் போதும், கணக்கு கவிழ்ந்துவிடும்.

படி 3: மீனை வைத்துக்கொண்டு தேங்காயைக் குறையுங்கள்

சுத்தம் செய்த மீன் 100 கிராமில், சாளையோ அயிலையோ நெத்திலியோ, 18 முதல் 20 கிராம் புரதம் கிடைக்கும். சூரையில் இன்னும் கொஞ்சம் கூடும். மீன்காரம்மா நிறுத்துத் தருவது தலை, குடலோடு. அரைக்கிலோ சாளை வாங்கினால் சட்டிக்குப் போவது பாதிக்குச் சற்று மேல்தான். அதனால் கழுவிய பிறகு நிறுங்கள்.

கலோரி ஒளிந்திருப்பது அரைப்பில். 100 கிராம் தேங்காய்த் துருவலில் 350 கலோரி. நான்கு பேருக்கு அவ்வளவும் அரைத்தால், மீனைத் தொடும் முன்பே ஆளுக்கு 90 கலோரி கூடிவிடும். நான் அதில் பாதியை மட்டும் எடுத்து, நாலைந்து சின்ன வெள்ளுள்ளிப் பல்லை (பூண்டு) வதக்கிச் சேர்த்து அரைக்கிறேன். குழம்பு ஓரளவு கெட்டியாகிவிடும். முதல் நாள் அம்மா கரண்டியால் கலக்கிப் பார்த்துவிட்டு, “இது என்ன மக்ளே, ரசமா?” என்று கேட்டாள். இரண்டாவது வாரம் கேட்கவில்லை. பொரிப்பதைவிடக் கறி நல்லது. பொரித்தே ஆக வேண்டுமென்றால் தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய் எண்ணெய் என்பது 120 கலோரி.

படி 4: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

காலை: வழக்கத்தில் பாதிப் புட்டு, 40 கிராம் சிறுபயறு (வேகவைக்கும் முன் எடை), இரண்டு அவித்த முட்டை. 24 கிராம்.

மதியம்: 150 கிராம் மீன், ஒரு கப் சம்பா அரிசிச் சோறு, கீரைத் துவரன். 32 கிராம்.

மாலை: 30 கிராம் காணம் என்கிற கொள்ளு (இதுவும் வேகவைக்கும் முன் எடை), அவித்தது. 6 கிராம்.

இரவு: ஒரு தோசை, எலும்பில்லாத கோழி 75 கிராம். 20 கிராம்.

மொத்தம் 82. கலோரி 1,400, 1,500க்குள் வரும். இரவில் புரதமே இல்லாமல் மூன்று தோசை சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மதியம் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சம் இருக்க வேண்டும்.

படி 5: மீன் இல்லாத நாட்களுக்கு

சைவம் என்றால் சோயா உருண்டைதான் எளிய வழி: காய்ந்த 50 கிராமில் 25 கிராம் புரதம். வெந்நீரில் ஊறவைத்து நன்றாகப் பிழிந்துவிட்டால் அந்த வாடை போய்விடும். பனீரில் கொழுப்பு அதிகம், அளவாக எடுங்கள். தயிரை மட்டும் நம்பாதீர்கள், 100 கிராமில் மூன்று கிராம்தான்.

நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது மீன் விலை ஏறும். வள்ளத்தில் (நாட்டுப் படகு) சாளையோ நெத்திலியோ வந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் முட்டையையும் காணத்தையும் கூட்டுங்கள். கருவாட்டில் புரதம் நிறைய, உப்பும் நிறைய. இரண்டு தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் போடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.